நாலாவது கிணறு

ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்த பத்து நாளில் காவிரிப் பாலத்தை எட்டு முறை கடந்திருப்பேன். தென்னூரில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரை எடுப்பேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிப் பாலம் ஏறி இறங்கினால் மாம்பழச்சாலை. அங்கே இடது பக்கம் திரும்பினால் ஸ்ரீரங்கம், என் சிநேகிதியின் வீடு. நான் திரும்பாமல் நேராகத் திருவானைக்காவல் வரை போய், ஒரு கரும்புச்சாறு குடித்துவிட்டு வந்த வழியே வீட்டுக்கு வந்துவிடுவேன். எங்கே போனாய் என்று அம்மா கேட்டால் டயருக்குக் காற்று அடிக்கப் போனேன் என்பேன். அவ்வளவு காற்று வாங்கிய வண்டி திருச்சியில் வேறு இருக்காது.

வீட்டில் உட்கார முடியவில்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் அப்பா, வெள்ளைக் கோட்டுப் போட்டு நான் நிற்கும் படத்தை ஷிப்டில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். அவரிடமே பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாமா என்று யோசித்தேன். பரிகாரமாக மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொல்வார், அதோடு கணக்குத் தீர்ந்துவிடும். அவ்வளவு சுலபமாகத் தீர்ந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். என் பாவம் கோவிலில் செய்ததில்லை, கிணற்றடியில் ஆரம்பித்தது.

நானும் அவளும் எம்.எஸ்ஸி. வேதியியல் ஒரே வகுப்பு. கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பழக இடம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் இருவரும் விண்ணப்பித்தோம். சொந்தமாகச் செய்த சின்ன ஆய்வு ஒன்றையும் கூடவே அனுப்ப வேண்டும். ஆறு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து சுற்றினோம். முக்கொம்பில் ஆரம்பித்துக் கிழக்கே வர வர, ஏழு இடங்களில் கிணற்றுத் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று பார்த்தோம். எங்கள் கருவி, வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர்கள் தண்ணீரில் முக்கிக் காட்டுவார்களே, பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர், அதுதான். கிழக்கே போகப் போக உப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நாலாவது கிணறு மட்டும் அடங்கவில்லை. ஒவ்வொரு வாரமும் மற்றதைவிட இரண்டு மடங்கு காட்டியது. அது அவள் வீட்டுக் கொல்லைக் கிணறு.

எங்கள் ஊரில் அறிவியல் படித்த யாரும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்வார்கள். எல்லோரிடமும் இரண்டு நோட்டு உண்டு. அப்சர்வேஷன் நோட்டில் வந்ததை எழுதுவோம். ரெக்கார்ட் நோட்டில் வர வேண்டியதை எழுதுவோம். விடை என்னவென்று சீனியர்கள் முன்னமே சொல்லிவிடுவார்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங்கை வர வைப்பதுதான் திறமை. ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியதும் அப்சர்வேஷன் நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். இதைத் தப்பு என்று பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நான் அதில் கெட்டிக்காரி.

அறிக்கையை இருவரும் தனித்தனியாக எழுதினோம். நான் நாலாவது கிணற்றை ரப்பரால் அழித்து மற்ற ஆறோடு வரிசையில் நிற்க வைத்தேன். கோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. அவள் அப்படியே விட்டுவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. எனக்கு இடம் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. அழுதுவிட்டு, மறுநாள் எனக்கு ஸ்வெட்டர் வாங்க அவள்தான் கூட வந்தாள்.

ஜெர்மனியில் ஆறாவது வாரம், ஆய்வகத்தில் என் வழிகாட்டி என்னைக் கூப்பிட்டார். விண்ணப்பங்களைப் படித்தவர்களில் அந்த அம்மாவும் ஒருவர். பழைய கோப்புகளில் எதையோ தேடும்போது கண்ணில் பட்டது என்று இரண்டு வரைபடங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே கிணறுகள், அதே ஞாயிற்றுக்கிழமைகள். என்னுடையதில் நேர்கோடு, அவளுடையதில் நாலாவது புள்ளி மட்டும் தனியாக மேலே நின்றது. இது உண்மையானால் உங்கள் வேலையிலேயே கவனிக்க வேண்டியது இந்தக் கிணறு ஒன்றுதான் என்றார். இரண்டில் எது சரி என்று கேட்டார். கோபமே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அந்த ஆய்வகத்தில் யாரும் ரப்பர் வைத்திருக்கவில்லை. தப்பானால் மேலே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் எழுதுவார்கள், தப்பும் தெரியும். அங்கே ஆறு வாரம் இருந்தும் என் வாய் திருச்சியிலேயே இருந்தது. ஒவ்வொரு அளவுக்கும் முன்னால் மீட்டரை அவள் சரியாகக் கழுவியிருக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டேன். அவர் தலையசைத்துவிட்டு, நான் சொன்னதைத் தன் நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டார்.

ஊர் திரும்பிய மறுநாள் அவள் போன் செய்தாள். என்னென்ன சாப்பிட்டாய், பனி பார்த்தாயா என்று கேட்டாள். கோடையில் ஏதுடி பனி என்று சிரித்தேன். பிறகு அவள் சொன்னாள்.

"இந்த வருஷமும் போடப்போறேன்டி. அதே லேப். அந்த மேடம்கிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லேன்."

ஒரு வார்த்தை ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. அன்றிலிருந்துதான் பாலத்துக்கும் எனக்கும் இந்த உறவு.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒப்புக்கொள்ளப் போனேன் என்று சொன்னால் பொய். அந்தக் கிணறு இன்று ஒழுங்காகக் குறைத்துக் காட்டாதா, நான் அழித்ததுதான் சரி என்று ஆகிவிடாதா என்ற நப்பாசையில் போனேன். மாம்பழச்சாலையில் இந்த முறை திரும்பிவிட்டேன்.

அவள் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவை நான் மாமி என்பேன். மாமி காபி கொடுத்தார். கொல்லைக் கிணற்றை ஒரு தடவை பார்க்கட்டுமா என்றேன். ஒரு வாளி இறைத்துக்கொண்டு மீட்டரை முக்கினேன். இரண்டு மடங்கு. மீட்டரைக் கழுவிவிட்டு மறுபடி முக்கினேன். அதே எண். வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமிக்கு நான் எதற்கு இவ்வளவு பாடுபடுகிறேன் என்று புரியவில்லை.

"அந்த ஜலத்துல சோப்பு நுரைக்கவே நுரைக்காதேம்மா. நான் கல்யாணமாகி வந்த நாளா இப்படித்தான். தளிகை பண்ண, குடிக்க அதைத் தொடறதே இல்லை."

அந்த ஆறு ஞாயிற்றுக்கிழமையும் இந்த வாசற்படி வழியாகத்தான் போய் வந்தேன். இவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

தலையில் துண்டோடு அவள் வந்தாள். மாமி உள்ளே போனதும் எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பரால் அழித்ததை, இரண்டு வரைபடத்தை, வழிகாட்டி கேட்டதை.

"நீ என்ன சொன்ன?" என்றாள்.

"நீ மீட்டரைக் கழுவலைன்னு சொன்னேன்."

அவள் என்னை வெகு நேரம் பார்த்தாள். அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாரிடி என்றேன். நான் போனை எடுத்து அங்கேயே கிணற்றடியில் உட்கார்ந்து வழிகாட்டிக்கு எழுதினேன். நாலாவது கிணற்றின் அளவு அவள் எழுதியதுதான் சரி, என் அறிக்கையில் இருப்பது நான் மாற்றியது, அவள் கழுவவில்லை என்று நான் சொன்னது பொய். மூன்றே வரி. அனுப்பும் முன் போனை அவளிடம் நீட்டினேன்.

படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒவ்வொரு தடவையும் மூணு தரம் கழுவினேன். டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலைப் பிடிச்சிண்டு தண்ணி ஊத்தினது நீதான். அதையும் எழுது."

முதல் மூன்று வரிக்கு வராத அழுகை அந்த வரிக்கு வந்தது. எழுத்துகள் தெரியாமல் இரண்டு முறை தப்பாக அடித்தேன். நான் எழுதி முடிக்கும்வரை அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு அனுப்பு என்று சொல்லிவிட்டு, தலை துவட்ட உள்ளே போய்விட்டாள்.