தொண்டர் வருடங்கள்

அப்பாவின் படகை இன்னொரு படகு கயிற்றில் கட்டி இழுத்து வந்த அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நாயாற்றுக் கடலில் எஞ்சின் நின்றுபோயிருந்தது. யாரையும் பார்க்காமல் படகின் முன்பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, கரை தட்டியதும் எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். திருத்துகிறவர் பார்த்துவிட்டு, இனி இது சரிவராது என்று கைவிரித்துவிட்டார். புதிய எஞ்சினுக்கு ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் கடன் கேட்கலாம். ஆனால் அப்பா ஏற்கெனவே ஒரு கடனுக்குப் பிணை நின்றிருந்தார். அது தீரும்வரை அவருக்கு வேறு கடன் கிடையாது. அது என் அக்காவின் படிப்புக் கடன்.

அக்கா காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சியைக் கொழும்பில் படித்தவள். விடுதிச் செலவும் படிப்புச் செலவும் சங்கம் கொடுத்தது. படித்தவர்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆகவே சங்கம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. படித்து முடித்தவர் மாவட்டத்துக்குத் திரும்பி வந்து ஆறு வருடம் அரச சேவை செய்தால், கடன் முழுவதும் தள்ளுபடி.

அக்கா திரும்பி வந்தாள். ஆனால் நியமனம் வரவில்லை. விசுவமடுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்தாள். சம்பளம் இல்லை. பெற்றோர் சேர்த்துக் கொடுப்பது பஸ்சுக்கே காணாது. ஒருநாள் அவளோடு போயிருந்தேன். நூலகத்தின் ஒரு மூலையை அலுமாரிகளால் மறைத்து வகுப்பாக்கியிருந்தாள். எங்கள் கரையிலிருந்து போன ஒரு சிறுமி அங்கே இருந்தாள். அதுவரை வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, தோளில் தட்டித்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய கன்னக்குழியில் விரலை வைத்துக் காட்டும் சைகையை அக்கா அவளுக்குப் பெயராகக் கொடுத்திருந்தாள். நான் உள்ளே போனதும் அந்தப் பிள்ளை தன் கன்னத்தைத் தொட்டு, தான் யார் என்று எனக்குச் சொன்னது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் என் கன்னத்தைத் தொட்டேன். இது உன் பெயரில்லை, என்னுடையது என்று தலையாட்டிவிட்டு அது சிரித்தது.

பிறகு அக்காவுக்கு நிரந்தர நியமனம் கிடைத்தது. எஞ்சின் பழுதானபோது, அவள் கற்பிக்கத் தொடங்கி ஆறு வருடம் தாண்டியிருந்தது. தள்ளுபடி கேட்டுச் சங்கத்துக்குப் போனாள். தொண்டராக இருந்த காலம் அரச சேவை ஆகாது, நியமனத் திகதியிலிருந்துதான் எண்ண வேண்டும் என்றார்கள்.  மறுநாள் முதல் அப்பா வேறொருவரின் படகில் கூலிக்குப் போனார். இடுப்பில் ஈரச் சாரத்தோடு அவர் திரும்பி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா குசினிக்குள் போய்விடுவாள்.

விஷயம் பொதுக்கூட்டத்துக்கு வந்தது. ஞாயிறு பூசைக்குப் பிறகு, கோவிலை அடுத்த மண்டபத்தில் கூடினார்கள். சங்கத் தலைவர் கெட்ட மனிதர் அல்ல, ஒழுங்கு தவறாதவர். "சட்டம் அப்பிடித்தான் கிடக்கு, பிள்ளை. இண்டைக்கு உமக்கு விட்டால் நாளைக்கு எல்லாரும் வருவினம்" என்றார். அக்கா எழுந்து, தான் கற்பித்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இருந்துவிட்டாள். 

அப்போது பின்னாலிருந்து அந்தச் சிறுமியின் தாய் எழும்பினா. கருவாடு போடுகிறவா. கூட்டங்களில் அதுவரை வாய் திறந்ததே இல்லை.

"என்ரை பிள்ளை தன்ரை பேரைச் சொன்னது ரீச்சருக்குச் சம்பளம் இல்லாத காலத்திலைதான். அதை எந்தக் கணக்கிலை வைக்கப் போறீங்கள்?"

 தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு கை உயர்த்தச் சொன்னார். உயர்த்தாத கைகளும் இருந்தன. தொண்டர் காலத்தில் பாதி சேவையாக எண்ணப்படும், அப்பாவின் பிணை அன்றோடு நீங்கும், மீதிக் காலத்தை அக்கா செய்து முடிக்க வேண்டும் என்று தீர்மானமானது. எனக்குக் கோபமாக வந்தது. வழிநெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

"பாதி எண்டாலும் அதை வேலை எண்டு சொல்லிட்டினம் தானே" என்றாள் அக்கா. அப்போதுதான் அவள் அழுதாள்.

அப்பா புதிய எஞ்சினோடு கடலுக்குப் போகத் தொடங்கினார். அக்கா மீதிக் காலத்தையும் முடித்தாள். கடன் தீர்ந்துவிட்டதாகச் சங்கம் அறிவித்த மறுநாள் காலை, அவள் வழக்கம்போலச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா கதிரையில் இருந்தபடி, யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்கவில்லையா என்று விசாரித்தார். அங்கே வசதியான பள்ளிக்கூடம் ஒன்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

"கேக்கலாம் அப்பா. இனி எப்ப வேணுமெண்டாலும் கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்சுக்கு நடந்தாள்.

இப்போது நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். சங்கம் இன்றும் படிக்கப் போகிற பிள்ளைகளுக்குக் கடன் கொடுக்கிறது. தொண்டர் காலத்தை முழுதாக எண்ணுகிறார்கள். அக்கா இன்னும் மாற்றம் கேட்கவில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. கடமையா, பழக்கமா, அந்தப் பிள்ளைகள் மேலுள்ள விருப்பமா, எனக்குத் தெரியாது. அன்று காலை ஒழுங்கையில் அவள் அவசரமில்லாமல் நடந்து போனது மட்டும் தெரியும். பஸ் வரும் சத்தம் கேட்டும் அவள் ஓடவில்லை. சாரதி அவளைக் கண்டு நிறுத்தி வைத்திருந்தார்.