சாய்ந்து நின்ற கழுதை

அந்தக் கட்டடத்தில் யாருக்காவது கால்சட்டை நீளமாக இருந்தாலும் சரி, சட்டை இறுகினாலும் சரி, தரைத்தளத்துத் தையல் கடைக்குத்தான் வரவேண்டும். மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு ஊசி அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். தொழிலைப் பார்த்து வைத்தார்களா, வாயைப் பார்த்து வைத்தார்களா என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை. இரண்டிலும் அவளுக்குப் பெருமைதான்.

கடைக்கு மேல்மாடியில் வீடு. மாமனார், மாமியார், கணவன், ஆறு வயது மகள், கொழுந்தன், அவன் மனைவி என்று நிறைந்த குடும்பம். கிறிஸ்துமஸ் வந்தால் கூடத்து மரத்தின் உச்சியில் ஊசி அக்கா தைத்த துணி நட்சத்திரம் ஏறும். ஊரார் கால்சட்டையில் வெட்டிய நுனி, திரைச்சீலை ஓரம், கிழிந்த மேசைவிரிப்பு என்று மெஷினுக்கடியில் மூட்டையாகக் கிடக்கும் துண்டுகளிலிருந்து வருஷத்துக்கொன்று புதிதாகத் தைப்பாள். முனைகள் கத்தியால் சீவியது போல் இருக்கும். "கடையில வாங்கினதா?" என்று விருந்தாளிகள் கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியில் அடுத்த டிசம்பர்வரை வண்டி ஓடும்.

கொழுந்தன் மனைவி பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவள். பொத்தான் அறுந்தால் ஊக்கைக் குத்திக்கொண்டு போகிற ரகம். அவள் ஒருநாள் கடை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் துண்டுத் துணி தர்றீங்களா? மரத்தடியில வைக்க நானும் ஏதாவது தைக்கலாம்னு ஆசையா இருக்கு."

"அதுக்கென்ன, அள்ளிக்கிட்டுப் போ" என்று ஊசி அக்கா தானே எடுத்துக் கொடுத்தாள். கைக்கு அடங்காமல் வழுக்கும் சாட்டின், தொட்டால் பிசிறு கொட்டும் திரைத்துணி, மாமனாரின் நைந்த கோடு போட்ட பைஜாமா. நல்லதாக நாலு துண்டு இருந்தது. அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டாள். தவிக்கட்டும்.

ஒரு வாரம் கழித்து மரத்தடியில் ஒரு கழுதை வந்து நின்றது. நின்றது என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு காது நீளம், ஒரு காது குட்டை. முன்னங்கால் ஒன்று கட்டையாகிப் போனதால் மரத்தின்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. வயிற்றில் மாமனாரின் பைஜாமாக் கோடுகள்.

மாமனார் பார்த்ததும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "குடிச்சிட்டு வந்த கழுதை மாதிரில்ல நிக்குது! என் பைஜாமாவ வேற போட்டிருக்கு!"

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் குனிந்தார்களே தவிர நிமிரவில்லை. உச்சியில் நட்சத்திரம் சீந்துவாரற்று நின்றது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். பெற்ற மகளே அந்தக் கழுதையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சித்தி தச்சது, சித்தி தச்சது" என்று மாடி மாடியாய்க் காட்டிவிட்டு வந்தாள். வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது போலாயிற்று.

"சாப்பிடாம எந்திரிக்கிற?" என்றான் கணவன்.

"அந்தக் கோணல் தையல்ல அப்படி என்னத்தக் கண்டாங்க எல்லாரும்?"

"நல்லாத்தானே இருக்கு."

"எது?"

"கழுதை."

"ஓ, நீங்களும் அந்தக் கட்சியா?"

ஞாயிறு மதியம் வீடு உண்ட மயக்கத்தில் கிடந்தது. ஊசி அக்கா நூல் வெட்டும் சின்னக் கத்தரியோடு கூடத்துக்கு வந்தாள். கழுதையைத் திருப்பி வயிற்றுத் தையலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நறுக்கினாள். பழையபடியே சாய்த்து வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

சாயங்காலம் அதைத் தூக்கியது அவள் மகள்தான். வயிறு பிளந்து பஞ்சு தரையெல்லாம் கொட்டியது. "நான் ஒண்ணும் பண்ணல! சும்மாதான் தூக்கினேன்!" என்று குழந்தை விக்கி விக்கி அழுதது. ஓரகத்தியின் முகம் வாடுவதைத்தான் ஊசி அக்கா மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். இந்த அழுகை அவள் கணக்கில் இல்லை. ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டதும் சித்திதான். "நீ பண்ணலடா செல்லம், சித்தி தச்சது சரியில்ல." ஊசி அக்கா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஓரகத்தியின் பையில் கழுதை கடைக்கு வந்தது.

"சரி பண்ணித் தாங்கக்கா. பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்கல."

ஊசி அக்கா வயிற்றை மட்டும் தைத்துக் கொடுத்திருக்கலாம். கை கேட்கவில்லை. காதுகளைச் சமமாக்கினாள். கட்டைக் காலைப் பிரித்து ஒட்டுக் கொடுத்து நீட்டினாள். கழுதை காவல்காரன் போல் விறைத்து நின்றது.

மாமனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. கடையில வாங்கின மாதிரி இருக்கு" என்றார். பிறகு செய்தித்தாளை விரித்துக்கொண்டார். மகள் கழுதையைத் தொடவே இல்லை. "இது நம்ம கழுதை இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜெயித்தாயிற்று. ஆனாலும் மறுநாளே கழுதையைக் கடைக்கு எடுத்துப்போய்க் காலை மறுபடியும் குட்டையாக்கிப் பார்த்தாள். நொண்டிக் கழுதை போலத்தான் வந்தது, பார்க்கவே பாவமாக இருந்தது. பிரித்தாள், தைத்தாள், மறுபடியும் பிரித்தாள். நேராகத் தைத்தே பழகிய கைக்குக் கோணல் வசப்படவில்லை. கடைசியில் வேலை முடிந்து வந்துகொண்டிருந்த ஓரகத்தியை வாசலிலேயே மறித்தாள்.

"இந்தா, காலை நீயே தை. எனக்கு வரல."

"உங்களுக்கா வரல?"

"ஆமா. ஊரெல்லாம் சொல்லு, போ."

ஓரகத்தி முக்காலியில் உட்கார்ந்து நூல் கோத்தாள். இரண்டு தையல் போட்டாள். பிறகு தலையைத் தூக்காமலே, "தானா அறுந்த நூல்னா நுனி பிசிறா இருக்கும், இல்லக்கா?" என்றாள்.

ஊசி அக்காவுக்கு முகம் சுட்டது. "தெரிஞ்சேதான் என்கிட்ட கொண்டுவந்தியா?"

"வேற யார்கிட்ட போவேன்? இந்தக் கட்டடத்துல தைக்கத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தானே."

"திட்டணும்னா திட்டிடு."

"திட்டத்தான் வந்தேன். உங்க மூஞ்சியப் பாத்தா அதுக்கு முன்னாடியே யாரோ திட்டின மாதிரி இருந்துச்சு." ஊசி விரலில் குத்த, ஸ்ஸ் என்று உதறினாள்.

நூல் சிக்கியது. தையல் எங்கெங்கோ அலைந்தது. பிடுங்கித் தைத்துவிடலாமா என்று ஊசி அக்காவின் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். இந்தத் தடவை கழுதை மறுபக்கம் சாய்ந்தது. மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "திரும்பிப் படுத்துக்கிச்சு" என்று தீர்ப்புச் சொல்லி இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

பண்டிகையன்று வந்த விருந்தாளி ஒருவர் மரத்தடியில் குனிந்து, "இது யார் கைவேலை?" என்று சிரித்தார்.

"என் ஓரகத்தி தச்சது" என்றாள் ஊசி அக்கா. வயிறு எரியாமல் இல்லை. அந்த எரிச்சலோடேயே அவருக்குத் தேநீர் ஊற்றினாள், சர்க்கரை போதுமா என்றும் கேட்டாள்.