சொல்லிக்கொடுப்பதை நிறுத்திய டேப்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். பாகூர் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் அரசுத் தொடக்கப்பள்ளியில் இது ஊரறிந்த விஷயம். ஆனால் அன்றைக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

பள்ளிக்கு டேப்கள், அதாவது டேப்லெட் கணினிகள், வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆங்கிலம் வாசிக்கப் பழக்கும் செயற்கை நுண்ணறிவுச் செயலி அவற்றில் இருந்தது. திரையில் கதை வரும், பிள்ளை வாய்விட்டுப் படிக்க வேண்டும், அது கேட்டுக்கொண்டிருக்கும். சரியாகப் படித்த சொல் பச்சையாக மாறும், படிக்காதது சிவப்பாகும். எங்காவது தடுமாறி நின்றால், கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதுவே அந்தச் சொல்லைச் சொல்லும். ஒரு வகுப்பையே வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளை பக்கத்திலும் உட்கார என்னால் ஆகாது. அந்தச் செயலியால் ஆகிறதே என்று மனசார மகிழ்ந்தேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண்ணின் திரை மட்டும் எப்போதும் பச்சைப்பசேல் என்றிருக்கும். அவளுடைய அம்மா கரும்பு வெட்டப் போகிறவர். பள்ளி திறந்த வாரமே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவள ஆறாவதுல எல்லார் முன்னாடியும் இங்கிலீஷ் படிக்கச் சொல்லி நிக்க வெச்சாங்க மிஸ். வாயே தொறக்கல. அதுலேர்ந்து ஸ்கூலுன்னாலே வயித்த வலிக்குதும்பா. எட்டாவதோட நின்னுட்டா. இப்போ கம்பெனி வேன்ல போயினு வந்துனு இருக்கா. சின்னவளும் அப்படி ஆயிடக் கூடாது." அந்தப் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம், இவள் தப்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் அவளுடைய டேப்பில் சத்தம் வரவில்லை. "பரவால்ல, நீ பாட்டுக்குப் படி" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனேன். திரும்பி வந்தபோது முதல் வரியிலேயே உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னாடி, படிக்கல?"

"இது பேச மாட்டேங்குது மிஸ்."

"படிக்க வேண்டியது நீதானே?"

"அது சொன்னாத்தானே மிஸ் நான் சொல்ல முடியும்?"

பக்கத்தில் இருந்தவள் எனக்கு விளக்கினாள். "கம்முனு இருந்தா அதுவே சொல்லிடும் மிஸ். நாம திருப்பிச் சொன்னா பச்சையாயிடும். நாங்க எல்லாரும் அப்டித்தான்."

இருவர் முகத்திலும் திருட்டுத்தனம் துளியும் இல்லை. எப்படி இருக்கும்? ஒன்றாம் வகுப்பிலிருந்து மிஸ் சொல்வதும் வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்வதும்தான் அவர்களுக்கு வாசிப்பு. புதிதாக வந்த கருவியையும் இன்னொரு மிஸ் ஆக்கிவிட்டார்கள். கெட்டிக்காரப் பிசாசுகள். சிரிப்பு வந்தது. அந்தப் பெண் அடுத்த வருஷம் எங்கே போய் நிற்கப் போகிறாள் என்று நினைத்ததும் சிரிப்பு போய்க் கோபம் வந்தது. அதை யார் மேல் காட்டுவது?

அன்று மாலையே செயலியின் அமைப்புகளைத் தோண்டி, சொல்லிக்கொடுக்கும் வசதியை எல்லா டேப்பிலும் நிறுத்தினேன். ஒரே வாரத்தில் வகுப்பு முழுக்கச் சிவப்பாகிவிட்டது. தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் சிவப்பைக் கண்டால் பயப்படுவார்.

"மேடம், ஆபீசருங்க பார்க்க வர்றாங்க. அவங்க வந்துட்டுப் போற வரைக்குமாவது அதைப் போட்டு வைங்களேன்."

"அவங்க வந்துட்டுப் போயிடுவாங்க சார். இந்தப் பிள்ளைங்க ஆறாவதுக்கில்ல போவணும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  தடுக்கவில்லை, அதுவே போதும் என்று நான் கிளம்பிவிட்டேன்.

அந்தப் பெண் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள். அடுத்து அவள் அம்மா வந்தார், வயலிலிருந்து நேராக. "நல்லாப் படிச்சினு இருந்த புள்ள மிஸ். மிஷின இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார். நான் விளக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு ஒரு வரியைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "பெரியவளும் இப்டித்தான் நின்னா" என்றார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க இன்னா பண்ணணுமோ பண்ணுங்க. விட்றாதீங்க மிஸ்" என்றார்.

விடுவதாக இல்லை. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கும் பழக்கத்தை நிறுத்தி, சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒலிக்கப் பழக்கினேன். இவர்கள் இதுவரை கேட்டிராத ஆங்கிலக் கதைகள் வேண்டும் என்பதால், வில்லியனூரில் என் வீட்டுச் சமையலறையில் குழம்பு கொதிக்கும் நேரத்தில், கைபேசியில் இருந்த இன்னொரு செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கினேன். முதலில் அது பனிமனிதனும் ஆப்பிள் தோட்டமுமாகக் கொண்டுவந்து கொட்டியது. "பனி வேணாம், பாகூர் ஏரி வேணும். ஆப்பிள் வேணாம், கரும்பு லாரி வேணும். இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒலிகளிலேயே எழுது" என்று திட்டித் திட்டிக் கேட்டேன். கொடுத்தது. திட்டினாலும் முகம் சுளிக்காமல் வேலை செய்வது என் வீட்டில் அது ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் புதுக் கதையை டேப்பில் ஏற்றினேன். அந்தப் பெண் முதலில் அழுதாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு கோபத்தோடே படிக்க ஆரம்பித்தாள். ஒரு வரிக்கு அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் எனக்கு உயிரே போய்விடும். ஆனாலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கப் பழகினேன்.

அதிகாரிகள் வந்தார்கள். சிவப்பும் பச்சையும் கலந்து கிடந்த அந்தப் பெண்ணின் திரையைப் பார்த்து ஒருவர் புருவத்தை உயர்த்தினார். தலைமையாசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி டேப்பை வைத்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு ஆங்கிலக் கதைப் புத்தகத்தை எடுத்தார். நானே பார்த்திராத புத்தகம். அதை நேராக அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

அவள் எழுந்து நின்றாள். எல்லார் முன்னாடியும். 

முதல் வரியைத் தட்டுத்தடுமாறி முடித்தாள். இரண்டாவது வரியில் ஒரு சொல்லில் நின்றுபோனாள்.  அவள் உதடு மட்டும் அசைந்தது. அந்தச் சொல் என் நாக்கு நுனியில் இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அதிகாரி இரக்கப்பட்டுக் குனிந்து, அதைச் சொல்ல வாயெடுத்தார்.

அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தி அவரைத் தடுத்தாள்.

"சொல்லாதீங்க சார். நான் படிச்சினு இருக்கேன்."