ஓடைக்கு அப்பால் பத்தொன்பது வீடுகள்

பதினோரு வருஷமாக ஆய்வுக் கேள்வித்தாளும் கையுமாக ஊர் ஊராக அலைந்தவள் அவள். அவளுக்கு வாய்த்த மேற்பார்வையாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் 'நிழலார்'. வெயிலில் அவர் தலையைப் பார்த்தவர் யாருமில்லை. ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் அவருக்கு ஆராய்ச்சியே முடிந்துவிடும்.

அந்த முறை இரண்டு ஏக்கருக்குக் குறைவாக நிலம் உள்ளவர்களைப் பற்றிய ஆய்வு. முந்நூறு பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கி நாற்பது பேரை அவள்தான் எடுத்தாள். அதில் பத்தொன்பது வீடுகள் ஓடைக்கு அப்பால். நிழலார் பேனாவைத் திறந்து அந்தப் பத்தொன்பதையும் அடித்தார்.

"என்ன சார் இது? சீட்டுல வந்தவங்களை நாம எப்படி மாத்தறது?"

"விவசாயின்னா எல்லாரும் விவசாயிதானேம்மா. ரோட்டோரத்துலயே வேணுங்கற அளவு இருக்காங்க. தண்ணில இறங்கி யாரு சாகறது?"

இந்த மனுஷனோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. அவள் ஐந்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கினாள். அந்தக் கரையில் மோட்டார் கிடையாது. குடத்தில் மொண்டு ஊற்றிப் பயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். அரை ஏக்கர்க்காரி ஒருத்தி களை பிடுங்குவதை நிறுத்தாமலே கேட்டாள்: "எங்களையுமா கேப்பீங்க? வண்டி எப்பவும் அந்தப் பக்கமே திரும்பிடுமேக்கா."

ஆய்வுத் தலைவி வந்த அன்று நிழலார், அடித்த வீடுகளுக்குப் பதிலாக ரோட்டோரத்தில் நிரப்பிய தன் பத்தொன்பது தாள்களையும் கசங்காமல் அடுக்கி வைத்தார். பக்கத்தில் அவள் தன்னுடையதை வைத்தாள், ஓரமெல்லாம் சேறு.

"இதெல்லாம் மத்ததோட ஒத்தே வரல மேடம். தூக்கிப் போட்டுடலாம்," என்றார் அவர்.

"அவரோடதுல ஒரே ஆள் நாலு பேர்ல இருக்காரு மேடம். நாலுலயும் அதே ஒன்றரை ஏக்கர், அதே மூணு மாடு, அதே போன் நம்பர். நீங்களே அடிச்சுப் பாருங்க."

தலைவி அந்த எண்ணுக்கு அடித்தார். "எனக்கு ஒரே பேருதாங்க," என்றது மறுமுனை. "சார் வருவாரு, டீ குடிப்பாரு, எழுதிக்குவாரு."

நிழலார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். மின்விசிறி என்னவோ முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய தாள்கள் குப்பைக்குப் போயின, அவளுடையவை அறிக்கைக்கு. அவரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு வேலை, புதிதாகச் சேருபவர்களுக்கு 'ஆட்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி' என்று பாடம் நடத்துவது.

இதைக் கேட்டபோது அவள் காலில் சேற்றுப்புண்ணுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். "அவருக்கு ஏசி ரூம், உனக்கு இது," என்றார் வீட்டுக்காரர்.

"நடத்தட்டும். படிச்சுட்டு வர்றதுங்க கொஞ்ச நாள் என்னோட தண்ணில நடந்தா, அவரு சொல்லிக் குடுத்ததெல்லாம் கரைஞ்சு போயிடும்," என்றாள்.