அனுசியா போகாத பக்கம்

பழைய பல்துலக்கியின் நுனியைச் சமாதிக் கல்லில் வெட்டிய ‘ஞ’ எழுத்தின் வளைவுக்குள் விட்டு மெல்லத் திருகுகிறார் அனுசியா. பாசி பச்சை நூலாக உருண்டு வெளியே வருகிறது. போத்தலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, ஊதி, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு அடுத்த எழுத்துக்கு நகர்கிறார். பக்கத்துச் சமாதியில் யாரோ கம்பித் தூரிகையால் கரகரவென்று தேய்க்கும் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தே பார்க்காமல் சத்தம் போடுகிறார்.

“கம்பி பிரஷ் போடாதீங்கலா! இத்தன வருசம் மழை செய்யாத வேலைய நீங்க ஒரே நாள்ல செஞ்சிராதீங்க.”

மலாக்காவில் பெம்பானைத் தாண்டி உள்ளே போகும் செம்மண் பாதையில், செம்பனை வரிசைகளுக்கு நடுவே கிடக்கிறது இந்த இடுகாடு. ஒரு காலத்தில் இங்கே ரப்பர் தோட்டம் இருந்தது. மரங்கள் மாறின, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள், சனங்கள் டவுனுக்குப் போய்விட்டார்கள். புதைக்கப்பட்டவர்களை மட்டும் யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிலர் கூடி லாலான் புல்லை வெட்டிச் சமாதிகளை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் வடிவேலு அவர்களுக்குத் தலைவர். அவருடைய தாத்தா இந்தத் தோட்டத்தில் பெரிய கங்காணி. சிமெண்டுக் கூரை போட்ட சமாதி இங்கே ஒன்றே ஒன்றுதான், அது தாத்தாவுடையது. அனுசியா தேய்த்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

அனுசியாவுக்கு வயது ஐம்பத்தேழு. தங்கா பத்துவில் வீடு. மலாக்கா டவுனில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நாள் குறித்துக்கொடுக்கும் வேலை. பழைய பல்துலக்கியைத் தூக்கிப் போடாதீர்கள், என்னிடம் கொடுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால், “சும்மா, வீடு கழுவ” என்பார். இங்கே வரும்போது கணவரின் முழுக்கைச் சட்டையும் மீனவர் தொப்பியும் அணிகிறார். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் திணித்துக்கொள்வது அட்டைக்குப் பயந்து. பிளாஸ்க்கில் கோப்பி கொண்டுவருவார். கை கழுவாதவருக்கு ஒரு சொட்டு ஊற்றமாட்டார். கிளம்பும்போது காருக்குள் ஏறுமுன் முழங்கால் வரை கழுவிக்கொள்வார்.

“எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். பொம்பள சுடுகாட்டுக்குப் போலாமாம்பாங்க. கோயில்ல கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடித் துப்புரவு பண்றோம்னு சொல்லிட்டு வந்துருவேன்.”

யார் வந்தாலும் விசாரிப்பார். எந்த லயம், யார் பிள்ளை, எந்த வருசம் வெளியே போனீர்கள். அவரைத் திருப்பிக் கேட்டால் ஒரே பதில்தான்: “நான் டவுன் ஆளுலா.” இன்னொரு வழக்கமும் உண்டு. இடுகாட்டின் கீழ்க்கோடியில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதற்கு அப்பால் புதர். அந்தப் பக்கம் அவர் போனதில்லை, மற்றவர்களையும் போகவிட்டதில்லை. “பெரிய நாகம் ஒண்ணு இருக்கு. நானே பாத்தேன்.”

இவர்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத நான் போயிருந்த ஞாயிறன்று வடிவேலு அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. புல்வெட்டும் இயந்திரத்தோடு வாய்க்காலைத் தாண்டிப் போய்ப் புதரைச் சாய்த்தார். பாம்பு ஏதும் இல்லை. தனியாக ஒரு மண்மேடு. தலைமாட்டில் எழுத்தில்லாத ஒரு கல். இயந்திரத்தை நிறுத்திவிட்டு அங்கிருந்தே கேட்டார்.

“இது ஏன் இப்படித் தள்ளி இருக்கு?”

இருசம்மாள் என்ற முதியவர் அன்று தன் கணவரின் சமாதியைப் பார்க்க மகனோடு வந்திருந்தார். இந்தத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

“வாளிக்காரன் சாமிநாதன்லா அது. லயத்துக் கக்கூசு வாளி எல்லாம் அவன்தான் தூக்குவான். செத்தப்போ நம்ம ஆளுங்க பக்கத்துல வைக்கக்கூடாதுன்னுட்டாங்க.”

“யாரு சொன்னது?”

இருசம்மாள் சிமெண்டுக் கூரையின் பக்கம் மோவாயை நீட்டினார். “ஒங்க தாத்தாதான். வேற யாரு?”

வடிவேலுவின் முகம் கறுத்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேரின் தாத்தாக்கள் அன்று கங்காணியோடு நின்றவர்கள்தான். இருசம்மாள் விடவில்லை.

“பொட்டப்புள்ள ஒண்ணு இருந்துச்சு அவனுக்கு. நல்லாப் படிக்கும். டவுனுக்குப் போனது, அப்பன் குழியக்கூட வந்து பாக்கல.”

அனுசியா கங்காணியின் பெயரில் கடைசி எழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. எழுந்தார்.

“பாம்பு ஒண்ணும் இல்ல. பொய்தான் சொன்னேன்” என்றார். பிறகு, “அந்தப் புள்ள நான்தான்.”

நான் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். அவர் கவனித்துவிட்டார்.

“நிப்பாட்டாதீங்க தம்பி. பேர் போட்டே எழுதுங்க. அப்பா மண்டோர், ஆளுங்கள வேலை வாங்குறவருன்னு சொல்லித்தான் கல்யாணம் கட்டுனேன். எங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு வரைக்கும் அதான் தெரியும். படிக்கட்டும்.”

அவர் பேச்சு கிளினிக் தொலைபேசியில் பேசுவதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. “பள்ளிக்கூடம் விட்டு கூட்டாளிங்களோட வருவேன். எதுக்கால அவரு வாளி வண்டிய தள்ளிக்கிட்டு வருவாரு. என்னப் பாத்தா அவரே பொதரு பக்கம் திரும்பி நின்னுக்குவாரு. நான் வெக்கப்படக்கூடாதுன்னு. நான் பேசாமத் தாண்டிப் போயிருவேன். ஒரு நாள்கூட அப்பான்னு கூப்பிடல.”

கூட்டத்தில் இளையவரான தனேஷ் ஆறுதலாக ஏதோ சொல்ல நினைத்தார். “அக்கா, அது வேற காலம்லா.”

“காலம் என்னா பண்ணுச்சு? ஆளுங்க பண்ணாங்க. நானும்தான் பண்ணேன்.” அவர் குரல் இப்போதுதான் உடைந்தது. “அவரப் பாக்கத்தான் இங்க வர ஆரம்பிச்சேன். எல்லாரு கல்லையும் தேய்ச்சேன். தள்ளி வைக்கச் சொன்னவரு கல்லையும் தேய்ச்சேன். அங்க போறதுக்கு மட்டும் கால் வரல.”

வடிவேலு வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார். “தங்கச்சி... ஒரு நல்ல நாள் பாத்து, பூசாரிய வச்சு, அப்பாவ மத்தவங்க பக்கத்துல மாத்திரலாம். செலவ நான் பாத்துக்கிறேன்.”

“வேணாண்ணே.”

“எங்க குடும்பம் செஞ்சது...”

“வேணாம். வச்ச எடத்துலயே இருக்கட்டும். வர்றவங்க ஏன் தள்ளி இருக்குன்னு கேக்கட்டும். நாம சொல்லுவோம்.”

அனுசியா வாய்க்காலை நோக்கி நடந்தார். கலங்கிய தண்ணீரில் அப்படியே இறங்கி, முழங்கால் நனைய மறு கரை ஏறினார். உதவிக்கு நீண்ட வடிவேலுவின் கையை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. மேட்டின் அருகில் போனதும் அழவில்லை, கும்பிடவில்லை. வெட்டிச் சாய்ந்த புல்லின் மேல் குந்தி உட்கார்ந்து, காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பவர்போல, புறங்கையை அந்த மண்ணின் மேல் வைத்தார்.