ஒன்பது வரன்களும் ஒரு ஃபிளாஸ்க்கும்

வாரப் பத்திரிகையின் மாடி அறையில் டைப் அடிக்கிறவளை எல்லோரும் ‘டைப்பிஸ்ட்டம்மா’ என்றே கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தொன்று. பெயர் என்று ஒன்று இல்லாமல் இருக்குமா? இருந்தது, வருகைப் பதிவேட்டில் மட்டும்.

தொடர்கதை எழுத்தாளர் நடந்துகொண்டே சொல்வதைக் கம்ப்யூட்டரில் அடிப்பது அவள் வேலை. மனிதருக்கு உட்கார்ந்தால் கற்பனை ஓடாது. ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே அவர் நடந்து நடந்து தரை வழுவழுவென்று ஆகிவிட்டது. கதை ஓர் இளவரசியைப் பற்றியது. அவளை மணக்க வருகிற ராஜகுமாரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள வேண்டும்; கதை ஒரு வருஷமாவது ஓட வேண்டுமே! ஆனால் கழன்றுகொள்வதற்கான காரணம் நம்புகிற மாதிரி இருக்க வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். பேய், சாபம், மந்திரம் எதுவும் கூடாது.

முதல் ராஜகுமாரன் வந்த வாரமே எழுத்தாளர் திருதிருவென்று முழித்தார்.

“ஏம்மா, கல்யாணத்துக்குச் சரின்னு சொல்ல இருந்தவன் திடீர்னு பின்வாங்கணும்னா என்ன ஆகணும்?”

“அண்ணன் ஏணியிலேர்ந்து விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டாரு, இப்போதைக்கு முடியாதுன்னு சொல்லலாம் சார்” என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

ஏணி, குதிரையாகிவிட்டது. வாசகர்கள் உச்சுக்கொட்டினார்கள். அடுத்தவனுக்குப் பெரியப்பா செத்துப்போனார். மூன்றாமவனை எல்லைக் காவலுக்குத் தூக்கியடித்தார்கள். நிஜத்தில் அது தபால் ஆபீஸ் மாற்றல். நாலாமவன் வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்து சுவர் இடிந்த கதை, கோட்டைக்குள் ஆறு புகுந்த கதையானது.

“எப்படிம்மா இத்தனையும் கைவசம் வெச்சிருக்கீங்க?”

“காதுல விழுந்ததுதான் சார்.”

ஒன்பதும் அவள் காதில் விழுந்தவைதான். அவளைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனவர்கள், நாலு நாள் கழித்துப் போனில் சொன்ன சாக்குகள். அவற்றை எடுத்துக் கொடுக்கும்போது வலிக்கவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளுவது மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் அவளும் அம்மாவும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். பகலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து திருப்பிவிடுவாள். மற்ற நேரமெல்லாம் இவள்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பத்திரிகை வந்ததும் அம்மாவுக்குத் தொடர்கதையை வாசித்துக்காட்ட வேண்டும்.

“பாவம்டி அந்தப் பொண்ணு” என்பாள் அம்மா. “ராசியே இல்லாதவ.”

ஒன்பதாவது ராஜகுமாரனும் ஓடிப்போன பிறகு, ஒரு வியாழக்கிழமை, வாசகர் கடிதம் ஒன்று வந்தது. ‘ஒருவனுக்கு நேர்ந்தால் விபத்து. ஒன்பது பேருக்கும் நேர்ந்தால் அரண்மனைக்குள்ளேயே யாரோ வேலை செய்கிறார்கள். யார் என்று சொல்லுங்கள்.’

எழுத்தாளர் துள்ளிக் குதித்தார். “மடையன் நானு! இது தோணவே இல்லையே! இளவரசி போயிட்டா யாருக்கு நஷ்டம்? யோசிச்சு வைங்கம்மா, திங்கக்கிழமை சொல்லுங்க.”

அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது தானாக வந்தது. வந்தவர்களை அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காரவைப்பாள். எழுந்து வர முடியாதவள், வேறெங்கே உட்காரவைப்பாள்? பிறகு, “டீ போட்டுக் கொண்டா” என்பாள். இவள் தட்டோடு திரும்பி வரும்போது வந்தவர்களின் முகம் மாறியிருக்கும். சூடு ஆறக்கூடப் பொறுக்காமல் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். ஒன்பது தடவையும் அப்படித்தான். அது தன் முகத்தின் குறை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். கண்ணாடியில் அந்த முகத்தை எவ்வளவு திட்டியிருக்கிறாள்!

ஞாயிற்றுக்கிழமை பத்தாவது ஆள் வருவதாக இருந்தது. சைக்கிள் கடைக்காரர், மனைவியை இழந்தவர். போட்டோவில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். போனில் பேசியபோது, “உங்களுக்கு என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?” என்றார். அப்படி யாரும் அவளிடம் கேட்டதில்லை. இவர் வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அதை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஒரே ஒரு தரம்.

காலையிலேயே டீ போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றினாள். ஃபிளாஸ்க், டம்ளர், தண்ணீர் ஜக்கு, பிஸ்கட், அம்மாவின் கண்ணாடி, துண்டு எல்லாவற்றையும் கட்டில் ஓரத்து ஸ்டூலில் அடுக்கினாள்.

“என்னடி இது, கடை பரப்பி வெச்சிருக்கே?”

“எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கட்டும்மா.”

அவர் வந்து உட்கார்ந்தார். இவளும் உட்கார்ந்தாள்.

“டீ போட்டுக் கொண்டாயேன்” என்றாள் அம்மா.

“இங்கயே இருக்கும்மா.” ஊற்றிக் கொடுத்தாள்.

“தண்ணி?”

“இருக்கு.”

“அடுப்ப அணைச்சியான்னு பாத்துட்டு வா.”

“அணைச்சாச்சு.”

அம்மா அவளைப் பார்த்தாள். மகளுக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. விரல்கள் போர்வையைக் கொத்தாகப் பிடித்தன.

“இவ போயிட்டா என்னை யாருங்க திருப்பிப் போடுவாங்க?” என்றாள் அம்மா. “சொல்லுங்க, யாரு?”

சைக்கிள் கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“என் சம்சாரத்தை நாலு வருஷம் நான்தான்மா திருப்பிப் போட்டேன்” என்றார். பிறகு இவள் பக்கம் திரும்பினார். “உங்க மேல ஒரு குறையும் இல்லைங்க. உங்க அம்மாவ விட்டுட்டு வாங்கன்னு சொல்லவும் எனக்கு வாய் வராது. ஆனா இன்னொரு தடவை என்னால முடியாதுங்க.”

டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார். அவர் எந்தச் சாக்கும் சொல்லவில்லை. அழுகை வரும் என்று அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. அதற்குள் திருப்புகிற நேரமாகிவிட்டது. எழுந்து அம்மாவைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

திங்கட்கிழமை எழுத்தாளர் வந்ததும் வராததுமாகக் கேட்டார். “யாரும்மா?”

“ராஜமாதா சார்.”

“பெத்த தாயா? எதுக்கு?”

“பயம் சார். பொண்ணு போயிட்டா பாத்துக்க ஆளில்லையேன்னு.”

எழுத்தாளர் ஜன்னல்வரை நடந்துவிட்டுத் திரும்பினார். “சேச்சே! பெத்தவ செய்வாளாம்மா? ஒருத்தனும் நம்ப மாட்டான். மந்திரின்னு போடுங்க. மந்திரின்னா எதைச் சொன்னாலும் நம்பிடுவாங்க.”

அவள் மந்திரி என்று அடித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசித்துக்காட்டினாள். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“மந்திரியா?”

“ஆமாம்மா.”

“அவனாத்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றாள் அம்மா. பிறகு, “அந்தப் பொண்ணு அவன என்ன சொன்னா?” என்று சுவரைக் கேட்டாள்.

“இன்னும் ஒண்ணும் சொல்லலைம்மா.”

மணி ஏழு. அவள் பத்திரிகையை மடித்து வைத்தாள். அம்மாவின் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கையைக் கொடுத்து, தன் பக்கமாகத் திருப்பினாள். அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.