மூலையில் எட்டிப் பார்க்கும் மஞ்சள் பலூன்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில், செத்துப்போன மெஷினுக்காகக் கூப்பிடுகிறவர்களைவிட, நன்றாக ஓடிக்கொண்டே தொணதொணக்கிற மெஷினுக்காகக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம். நீங்களும் பட்டிருப்பீர்கள். திரையின் வலது பக்கம் கீழ் மூலையில் ஒரு மஞ்சள் பலூன் எட்டிப் பார்க்கும். அப்டேட் வந்திருக்கிறது, ஆன்டிவைரஸ் பழசாகிவிட்டது, டெஸ்க்டாப்பில் வேண்டாத ஐகான் கிடக்கிறது என்று ஏதாவது ஒரு குறை சொல்லும். மூடினால் போகும், கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். மாமியாரோடு குடித்தனம் செய்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

2004-லிருந்து கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஸ்கூட்டியில் அலைந்து இந்தப் பலூன்களை அடக்கிப் பிழைத்தவள் நான். கதவைத் திறந்ததும் "மெக்கானிக் வரலியா?" என்று என் முதுகுக்குப் பின்னால் தேடுவார்கள். நான்தான் மெக்கானிக் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டே காலிங் பெல் அடிக்கப் பழகினேன்.

சகுனம் சரியில்லை

சிதம்பரத்தில் ஒரு ஜோசியர். கம்ப்யூட்டரில் ஜாதகம் கணித்து, பொருத்தம் பார்த்து, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். அவர் மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, இவர் பொருத்தத்தைத் தட்டிய நேரம் பார்த்து, பிரிண்டரில் பேப்பர் இல்லை என்று கம்ப்யூட்டர் 'டங்'கென்று ஒரு சத்தம் போட்டிருக்கிறது. அபசகுனம் என்று பையனின் அத்தை எழுந்து செருப்பை மாட்டிவிட்டாளாம். நல்ல சம்பந்தம் ஒன்று வாசலோடு போயிற்று.

சத்தத்தையே எடுத்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், அந்த இடத்தில் கோயில் மணியை வை என்றார். எதற்கெல்லாம் சத்தம் வருமோ அத்தனைக்கும் மணியை வைத்தேன். அடுத்த தடவை நான் போயிருந்தபோது மறுபடியும் பேப்பர் தீர்ந்தது, மணி அடித்தது, புதிதாகப் பொருத்தம் பார்க்க வந்திருந்த இரண்டு வீட்டாரும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மணி அடித்தால் எது தப்பு என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடுமே என்று கேட்டேன். ஜோசியர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தப்பை நான் ஸ்க்ரீன்ல பாத்துக்குறேம்மா. அவுங்க கல்யாணத்தைப் பாக்கட்டும்."

ஒண்ணு மட்டும் இருக்கட்டும்

கடலூர் முதுநகரில் ஆரோக்கியசாமி சார். ரயில்வேயில் பார்சல் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்துவிட்டார், தனி ஆள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அதற்குத் துணி தைத்துப் போர்த்தி வைத்திருந்தார். பலூன் தொல்லை ஜாஸ்தியாகிவிட்டது, எல்லாவற்றையும் நிறுத்திவிடு என்று கூப்பிட்டிருந்தார். நான் உட்கார்ந்து அப்டேட் பலூன், ஆன்டிவைரஸ் பலூன் என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தேன். அப்போது ஸ்பீக்கரில் கதவு திறப்பது போல ஒரு சத்தம். மூலையில், 'ஸ்டெல்லா ஆன்லைனில் வந்திருக்கிறார்' என்று அரட்டைக்கான மெசஞ்சர் இங்கிலீஷில் சொன்னது.

அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். அந்தப் பெயர் மறையும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். நானும் வேலையில் குறியாக, இதையும் நிறுத்திவிடட்டுமா சார் என்று கேட்டுவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அது யாருமில்லம்மா. அது ஒண்ணு மட்டும் இருக்கட்டும், வீட்ல ஒரு சத்தம் வேணும்ல."

மெயிலுக்கு ஒரு சங்கு

கடலூரை ஒட்டிய குடிகாட்டில் வேன் வாடகைக்கு விடுகிற ஒருவர், சுற்றிலும் இருந்த கெமிக்கல் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். வேன் கேட்டு மெயில் வந்தால் வெளியில் இருக்கும் டிரைவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று, கம்பெனியில் வாயு கசிந்தால் ஊதுகிற அபாயச் சங்கு ஓசையை எங்கிருந்தோ பிடித்து, பெரிய ஸ்பீக்கரில் வைத்துவிட்டார். அந்த ஊரில் சங்கு கூவினால் என்ன செய்ய வேண்டும் என்பது பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, காற்று வருகிற திசை பார்த்து ஓட வேண்டும். முதல் மெயில் வந்தது. தெருவே ஓடியது.

அன்று சாயங்காலமே என்னை வரவழைத்து, சங்கை எடுத்துவிட்டுக் குயில் கூவுகிற சத்தத்தை வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு அம்மாள் மூக்கில் கட்டிய துண்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, வாசலில் நின்று நான் செய்கிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. நிதானமாகக் கேட்டாள்: "இந்த டப்பா மெயிலு வந்தாவே கூவுது. ராத்திரி நெஞ்சடைக்கிற காத்து வருதே, அதுக்கு ஏன் யாரும் கூவ மாட்டேங்குறாங்க?"

பிளக்கைப் பிடுங்குகிறவர்

ஆரோக்கியசாமி சார் மெஷின் அடிக்கடி படுத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் ஒரே நோய்தான். ஒழுங்காக ஷட்டவுன் செய்யாமல், ஓடும்போதே கரண்ட் போனால் வருகிற நோய். கரண்ட் போனாலும் தாங்குகிற யு.பி.எஸ். நன்றாக இருக்கிறது, அப்புறம் எப்படி? எதிர் வீட்டு பிலோமினா அக்காதான் வாசல் கோலத்தைப் போட்டபடியே எனக்கு விஷயத்தைச் சொன்னாள். ஸ்டெல்லா அவருடைய ஒரே மகள். கூட வேலை பார்த்த இந்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு சிங்கப்பூர் போய்விட்டாள். சார் அன்றோடு பேச்சை நிறுத்தியவர். அவள் போன் செய்தால், குரலைக் கேட்டதும் ரிசீவரை வைத்துவிடுவார். அந்தக் கம்ப்யூட்டர் அவள் காலேஜில் படிக்கும்போது வாங்கியது. அப்பாவுக்கு மெசஞ்சர் திறந்து கொடுத்ததும் அவள்தான்.

மீதி எனக்கே புரிந்துவிட்டது. இவர் மெசஞ்சரில் இருப்பது அங்கே அவளுக்குத் தெரிகிறது. உடனே 'அப்பா' என்று எழுதுகிறாள். பார்த்ததும் இந்த மனுஷர் பதறிப்போய் யு.பி.எஸ்.ஸில் இருக்கிற பிளக்கையே பிடுங்கிவிடுகிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளையைப் பார்த்து இப்படிப் பயப்படுவார்களா? ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் இறங்கிவிட்டது. சார், பிளக்கைப் பிடுங்க வேண்டாம், நீங்கள் உள்ளே இருந்தாலும் அவளுக்குத் தெரியாமல் மறைத்து வைக்க ஒரு வழி இருக்கிறது, அவள் வருவது மட்டும் உங்களுக்குத் தெரியும் என்றேன். செய்தும் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்டார்: "நான் பாக்குறது அவளுக்குத் தெரியாதுல்லம்மா? அவ வரது மட்டும் எனக்குத் தெரியும்ல?"

அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அந்த மெஷின் படுக்கவே இல்லை. தொழில்காரிக்கு அது நஷ்டம்தான். பஜார் பக்கம் பார்க்கும்போதெல்லாம் அவராகவே சொல்வார், நேற்று வந்தாள், இன்றைக்குக் கொஞ்சம் லேட்டாக வந்தாள் என்று, ஏதோ மகள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிற மாதிரி.

கரண்ட் வந்த அன்று

2011 கடைசியில் அந்தப் புயல் அடித்தது. கடலூரில் அதைப் பற்றி யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. மரம், கம்பம், கூரை எல்லாம் தரையில். கரண்ட் இல்லை, போன் இல்லை. என் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பக்கத்துத் தெருவில் கிடந்தது. முதுநகருக்குக் கரண்ட் வந்த அன்று காலையில் ஆரோக்கியசாமி சார் சைக்கிளை மிதித்துக்கொண்டு திருப்பாப்புலியூரில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. ஊரே சேறும் சகதியுமாகக் கிடக்கும்போது இவர் எந்தக் கல்யாணத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

"கரண்டு வந்துடுச்சும்மா, போன் லைனும் வந்துடுச்சு. நம்ம ஊரைத்தான் எல்லா டிவியிலயும் காட்டுறாங்களாம். அவ பாத்திருப்பா, பயந்துருப்பா. என்னை மறைச்சு வச்சியே, அதை எடுத்துடு."

"பேசப் போறீங்களா சார்?"

"பேச்செல்லாம் கெடையாது. நான் உயிரோட இருக்கேன்னு அவளுக்குத் தெரியணும். அவ்ளோதான்."

நல்ல வேளை, மெஷின் நனையவில்லை. மறைத்ததை எடுத்துவிட்டேன். ஸ்டெல்லா பெயர் மங்கலாகவே இருந்தது, அவள் ஆன்லைனில் இல்லை. வேலையில் இருப்பாள் சார் என்றேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார், தான் குடிக்கவில்லை. கேமரா இல்லாத அந்த மெஷின் முன்னால், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவளுக்கு நெட் இல்லையோ, லீவில் எங்காவது போய்விட்டாளோ, இவர் மனசு மாறி மறுபடியும் மறைக்கச் சொல்லிவிடுவாரோ என்று நான்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவள் பெயர் வந்தது. வந்த கையோடு 'அப்பா' என்று எழுதினாள். பிறகு, 'அப்பா நீங்கதானா? நல்லா இருக்கீங்களா?' சாரின் கை யு.பி.எஸ்.ஸில் இருந்த பிளக்கின் பக்கம் போயிற்று. கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மெதுவாகத் திரும்பிக் கீபோர்டுக்கு வந்தது. ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்தார்: 'வீட்டு ஓடு மட்டும் போச்சு. நான் இருக்கேன்.' அடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. இத்தனை வருஷம் மகள் வருவதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த மனுஷர் கேட்டார்: "இது அவகிட்ட போறதுக்கு எதைம்மா அழுத்தணும்?"

என்டர் என்றேன், என் தொழிலில் நான் செய்த ஆகப் பெரிய ரிப்பேர் அந்த ஒற்றைச் சொல்தான், அதைப் பில்லில் என்னவென்று எழுதுவது என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.